நிலோஃபருக்காக எழுதிய இரண்டு நோட்டீஸ்கள்

1

1993இல் நான் ஒரு நோட்டீஸ் எழுதினேன். அதில் ஒரு வாக்கியம் பொய். எழுதும்போது அது பொய்யாகத் தெரியவில்லை, நன்றாக வந்திருப்பதாகத்தான் தெரிந்தது. இந்தக் கதையை எழுத அதுதான் காரணம்.

அப்போது கோயமுத்தூரில் ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிறுபத்திரிகைகளில் நான்கு கதைகள் வந்திருந்தன. கோமளா டீச்சருக்கு அது எப்படியோ தெரிந்திருந்தது. வகுப்புக்கு நன்கொடை கேட்டு நோட்டீஸ் அடிக்க வந்தவர், நீங்களே எழுதியும் கொடுத்துவிடுங்கள் என்றார்.

கோமளா போத்தனூரில் ஒரு வீட்டின் முன்கூடத்தை வாடகைக்கு எடுத்து ஒன்பது குழந்தைகளுக்கு வகுப்பு நடத்திவந்தார். எல்லோரும் ஐந்து வயதுக்குள். சிலருக்குப் பேச்சு வரவில்லை, சிலருக்கு நடை தள்ளாடியது, ஒருவன் யார் தொட்டாலும் கத்தினான்.*

* இவர்களைக் குறிக்க அன்று எல்லோரும் ஒரு சொல்லைப் பயன்படுத்தினோம். நோட்டீஸிலும் அது இருந்தது. இங்கே வேண்டாம்.

2

இந்தக் கதையை முதலில் இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: "போத்தனூர் ஜங்ஷனில் ரயில் நுழையும்போதெல்லாம் அந்தக் கூடத்தின் ஜன்னல் கம்பிகள்—"

நிறுத்திவிட்டேன். ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தனவா என்று எனக்குத் தெரியாது. நோட்டீஸ் எழுதுவதற்கு முன் அங்கே ஒரே ஒரு முறைதான் போயிருந்தேன், அதுவும் அரை மணி நேரம்.

அந்த அரை மணியில் பார்த்தவற்றைச் சொல்லலாம். கோமளாவிடம் காசு கொடுத்து வாங்கிய பொருள் என்று ஒன்றும் இல்லை. மில்லில் கழித்துப்போட்ட நூல் கோன்கள், பவுடர் டப்பா மூடிகள், சட்டைப் பொத்தான்கள், அரிசி நிரப்பித் தைத்த துணிப் பைகள். இந்தக் குழந்தைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் ஒன்றும் போய்ச் சேராது, கையில் கொடுத்தால்தான் சேரும் என்றார். வட்டம் என்றால் வட்டத்தைப் பிடித்துப் பார்க்க வேண்டும். அதற்குக் குழிவெட்டிய மரப்பலகைகள் வேண்டும், வட்டக் குழியில் வட்டக் கட்டையைப் பொருத்துகிற மாதிரி. கோக்கப் பெரிய மணிகள், சொரசொரப்பும் வழவழப்புமாக அட்டைகள், மணல் தட்டு, உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் பிடிப்பு உள்ள ஓர் ஊஞ்சல்.

மூலையில் ஒரு சிறுமி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பெயர் கேட்டேன். நிலோஃபர் என்றார்கள். நாலரை வயது.**

** அவளுடைய உண்மைப் பெயர் நிலோஃபர் அல்ல. மற்றவர்கள் பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

பொருள்களின் பட்டியலைப் படித்து யார் பணம் தருவார்கள்? அதனால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த சிறுமியை எடுத்துக்கொண்டேன். "பெற்ற தாயையும் யாரென்று அறியாமல் சுவரோடு வாழும் சின்னஞ்சிறு மலர் நிலோஃபர்" என்று எழுதினேன். தாயை நான் பார்த்ததே இல்லை.

கோமளா கையெழுத்துப் பிரதியைப் படித்தார். அந்த வரியில் விரலை வைத்து இரண்டாம் முறை படித்தார். பிறகு, "இப்பிடிப் போட்டாத்தான் குடுப்பாங்களோ என்னமோ. அடிச்சுப்போடுங்க" என்றார்.

3

நோட்டீஸ் வேலை செய்தது. சின்ன ஸ்பின்னிங் மில் வைத்திருந்த திருமலைசாமி அதைப் படித்துவிட்டுக் கண் கலங்கிப் போனதாக அவருடைய மேனேஜர் வந்து சொன்னார். பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் தானே செய்து தருவதாகவும், அதற்கு முன் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லியனுப்பியிருந்தார்.

(திருமலைசாமியைக் கெட்டவராக எழுத ஒரு வரைவில் முயன்றேன். தங்க பிரேம் கண்ணாடி, உரத்த குரல். வரவில்லை. அவர் மெதுவாகப் பேசுகிறவர். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுக் குழந்தைகளுக்குச் சமமாகத் தரையில் உட்கார்ந்தார்.)

ஒரு புதன்கிழமை காலை வந்தார். கோமளா என்னையும் வரச் சொல்லியிருந்தார். நிலோஃபரின் அம்மா யாஸ்மினும் அங்கே இருந்தாள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். மகளை விட்டுவிட்டுத் தையல் வேலைக்குக் கிளம்ப நின்றவளை, பெரிய மனிதர் வருகிறார் என்று கோமளா நிறுத்திவைத்திருந்தார்.

திருமலைசாமி சட்டைப் பையிலிருந்து நோட்டீஸை எடுத்தார். மனசைப் பிசைந்துவிட்டது என்று சொல்லி, கருணை நிறைந்த குரலில் சத்தமாகப் படித்தார். யாஸ்மினுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நோட்டீஸை அவள் அதுவரை பார்த்திருக்கவில்லை.

அவர் அந்த வரிக்கு வந்தபோது நிலோஃபர் எழுந்து அம்மாவிடம் போனாள். யாஸ்மினின் கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாக முழங்கைப் பக்கம் தள்ளினாள். வெறுமையான மணிக்கட்டில் கன்னத்தை வைத்துக்கொண்டு கண்களை மூடினாள்.

திருமலைசாமி படிப்பதை நிறுத்தினார். குழந்தையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்.

யாஸ்மின் சொன்னாள்: "எம் புள்ளைக்கு என்னயத் தெரியுமுங்க."

மறு கையை மகளின் தலையில் வைத்தாள். "பேதி வந்தாலும் காச்ச வந்தாலும் இந்தக் கைதான் வேணும் அவளுக்கு. யாருங்க இப்பிடி எழுதினது?"

திருமலைசாமியும் அதையேதான் கேட்டார், தாளை மடித்துக்கொண்டே. "யாருங்க எழுதினது?"

4

இந்த இடத்துக்கு மூன்று வரைவுகள் இருக்கின்றன. முதல் வரைவில் நான் முன்னால் வந்து, "நான்தான்" என்கிறேன். இரண்டாவதில் அதைச் சொல்லி மன்னிப்பும் கேட்கிறேன், யாஸ்மின் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள். மூன்றாவதில் ஒரு ரயில் போகிறது, என் பதில் யாருக்கும் கேட்கவில்லை.

நடந்தது வேறு. நான் வாயைத் திறக்கவில்லை. கோமளா, "நாந்தானுங்க" என்றார்.

யாஸ்மின் மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். திருமலைசாமி யோசித்துச் சொல்லியனுப்புவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் சொல்லியனுப்பவே இல்லை. மறுநாளிலிருந்து கூடத்தில் எட்டுக் குழந்தைகள்.

5

பதினொரு நாள் கழித்து யாஸ்மின் வீட்டுக்குப் போனேன். இன்னொரு நோட்டீஸ் எழுதிக் கையில் வைத்திருந்தேன். கதவைத் திறந்தது அவள் கணவர் அர்ஷத். உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்றபடியே, முதல் நோட்டீஸை எழுதியது டீச்சர் அல்ல, நான்தான் என்றேன். மெஷின் நின்றது.

யாஸ்மின் என்னைத் திட்டவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. புதிதாக எழுதியதைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். அதில் எந்தக் குழந்தையும் இல்லை, பொருள்கள் மட்டும்தான். பயத்தில் அப்படி எழுதியிருந்தேன்.

"கடைச் சாமான் லிஸ்டாட்ட இருக்குதுங்க" என்றாள். அர்ஷத் சிரித்துவிட்டார்.

பிறகு அவளே சொன்னாள், நான் எழுதிக்கொண்டேன். ஒன்பது குழந்தைகளையும் அவளுக்குத் தெரிந்திருந்தது. தொட்டால் கத்துகிறவன் மணலைக் கண்டால் கத்தமாட்டான், அதனால் மணல் தட்டு வேண்டும். கால் நிற்காத பெண்ணுக்கு ஆடப் பிடிக்கும், அதனால் ஊஞ்சல். நான் சேர்த்த உரிச்சொற்களை ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னாள். 'பாவம்' என்ற சொல் இரண்டு இடத்தில் இருந்தது. இரண்டும் போயின.

நிலோஃபருக்கு என்ன போடுவது என்று கேட்டேன்.

"எல்லா டப்பா மூடியும் போட்டுப் பாத்து முடிச்சுட்டா. இனி அவளுக்கு வேற வேணும். அத்தனை போதுமுங்க."

அதையே போட்டேன்.

6

இரண்டாவது நோட்டீஸுக்கு யாரும் கண் கலங்கியதாகத் தகவல் இல்லை. வந்தது முதலாவதற்கு வரவிருந்ததில் கால்வாசிகூட இருக்காது. ஒரு தச்சர் கூலி வாங்காமல் குழிவெட்டிய பலகைகள் மூன்று செய்து தந்தார். பவானியிலிருந்து யாரோ ஜமுக்காளம் ஒன்று அனுப்பினார்கள், அதைப் பட்டியலில் நாங்கள் கேட்டிருக்கவில்லை. மணல் தட்டு வந்தது. ஊஞ்சல் வரவில்லை. கால் நிற்காத அந்தப் பெண் அது இல்லாமலேயே ஆறு வயதைத் தாண்டி அங்கிருந்து போனாள்.

பொய் அப்படியே நின்றிருந்தால் அவளுக்கு ஊஞ்சல் கிடைத்திருக்கும். இதைக் கோமளாவிடம் ஒருமுறை சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "எனக்கும் அந்த நெனப்பு வருமுங்க" என்றார்.

7

இனி முடிவு.

பலகைகள் வந்த வாரம் ஒரு திங்கட்கிழமை, யாஸ்மின் நிலோஃபரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நான் கூடத்தின் ஓரத்தில் நின்றிருந்தேன். கோமளா ஒரு பலகையைத் தரையில் வைத்தார். வட்டம், சதுரம், முக்கோணம், அவற்றுக்கான கட்டைகள். நிலோஃபர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினாள். ஒரு கட்டையை எடுத்தாள்.

என் கை தானாகப் பையிலிருந்த பேனாவைத் தொட்டது. யாஸ்மின் அதைப் பார்த்துவிட்டாள்.

"எளுதாதீங்க. சும்மா பாருங்க" என்றாள்.

பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கேதான் இருந்தேன். அவள் அந்தக் கட்டையை என்ன செய்தாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால் அவள் அதைச் சரியான குழியில் வைத்ததாக வைத்துக்கொள்ளலாம், வீசியெறிந்ததாகவும் வைத்துக்கொள்ளலாம். நான் எழுதப்போவதில்லை.