திரு இருதயப் படத்துக்குப் பின்னால்

டீலியாவின் சமையலறைச் சுவரில் மறுபடியும் கரும்பூஞ்சை ஏறியிருந்தது. துடைத்தால் போகும், நாலு நாளில் சொல்லிவைத்தாற்போல வந்து நிற்கும். ஜன்னல் கண்ணாடியில் எந்நேரமும் நீர் வழிந்தது. ரொட்டியில்கூட ஓத வாடை. போன குளிர்காலத்தில் நிமோனியா வந்து தப்பிய நெஞ்சு, இப்போது மீண்டும் இழுக்க ஆரம்பித்திருந்தது. வீட்டைக் காயவையுங்கள், இல்லையென்றால் குளிர் முடியும்வரை லிமெரிக் நகரத்தில் தங்கை வீட்டில் போய் இருங்கள் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். தங்கை வீடா! அந்த அம்மாளின் வாய்க்கு நிமோனியாவே தேவலாம். தவிர, மாலக்கியை விட்டுவிட்டு அவளால் ஒரு வாரம்கூட இருக்க முடியாது.

மாலக்கி அவள் கணவன். மேயோ கடற்கரையில் மீன்பிடிப் படகு ஓட்டி ஓய்ந்தவன். கோயில் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதவன். அப்படிப்பட்டவன், அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம், அவளுடைய நாற்காலிக்கு மேலே இயேசுவின் திரு இருதயப் படத்தைத் தானே ஆணியடித்து மாட்டினான். டீலியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பூசைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

இன்று பூஞ்சை படத்தின் சட்டத்தையும் தொட்டுவிட்டது. துடைக்கலாமென்று நாற்காலியில் ஏறினாள்.

"அதைத் தொடாத டீலியா! நான் பாத்துக்கறேன்." கெட்டிலும் கையுமாக அடுப்பருகே நின்ற மாலக்கி பதறினான்.

"ஏன், படம் கடிச்சிடுமா?"

கழற்றினாள். பின்னால் சுவரில் காற்றுத் துவாரம். நீராவி வெளியே போவதற்காக வீடு கட்டும்போதே விட்டது. அதில் ஒரு கம்பளிக் காலுறையை இறுகத் திணித்திருந்தான். உருளைக்கிழங்கு வேகும் ஆவியும், அடுப்புக்கு மேல் காயும் துணியின் ஈரமும் ஒரு வருஷமாக உள்ளேயே சுற்றியிருக்கின்றன. ஆனால் டீலியாவுக்கு வயிறு எரிந்தது அதற்காக அல்ல.

"அப்போ இது சாமிக்காக மாட்டலையா?"

"இல்ல."

"காலுறையை மறைக்கவா? என் புருஷன் திருந்திட்டான்னு ஊர் பூரா சொல்லித் திரிஞ்சேனே மனுஷா! ஃபாதர்கிட்டகூடச் சொன்னேனே!"

"நீ சொல்லித் திரிஞ்சதாலதான் என்னால வாயே திறக்க முடியல."

"உனக்குக் குளிருதுன்னு இயேசுவைக் கொண்டுவந்து ஓட்டையை மறைச்சிருக்க!"

"எனக்கா குளிர்? கடல்ல கெடந்தவன் நான்." மாலக்கி கெட்டிலைக் கீழே வைத்தான். "ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னிக்கு நீ இந்த நாற்காலில உக்காந்து நடுங்கின. காத்து நேரா உன் பிடரில அடிச்சுது. அதான் அடைச்சேன். அதுவே உன் நெஞ்சைப் பிடிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

டீலியா காலுறையைப் பிடுங்கினாள். ஈரத்தில் கறுத்து நாறியது. கடற்காற்று உள்ளே பாய்ந்தது.

"அடைக்கிறப்ப ஒரு வார்த்தையாவது ஜெபம் சொன்னியா?"

"சொன்னேன்."

"என்னன்னு?"

"இவளை மட்டும் கொண்டுபோயிடாதேன்னு."

டீலியாவுக்கு அழுகையும் இருமலும் சேர்ந்து வந்தன. மெதுவாகக் கீழே இறங்கினாள்.

"வா, இந்த நாற்காலியை அந்தப் பக்கம் இழுத்துப் போடு," என்றாள். "நான் எங்கயும் போகல."