மலர்க்கொடியின் வலது முழங்கால்

கிழக்கு வெளுக்கும் முன்பே அரிசி ஆலையில் நெல் அவிக்கும் தொட்டியைத் திறந்துவிட்டார்கள். ஆவி பறக்கும் நெல்லைக் கூடையில் வாரித் தலையில் ஏற்றிக்கொண்டு பெண்கள் காயவைக்கும் களத்துக்கு ஓடினார்கள். சும்மாட்டைத் தாண்டிச் சுடுநீர் கழுத்தில் வழிந்தது. எட்டாவது நடையில் மலர்க்கொடியின் வலது முழங்கால் மடங்கியது. கூடையோடு சரிந்தவளைப் பின்னால் வந்த ஷமீரா தாங்கிப் பிடித்தாள்.

குடவாசல் பக்கத்து அந்த அரிசி ஆலைக்கு ஒரு காலத்தில் பெண்கள் கபடிக் குழு இருந்தது. ஆலையின் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு விளையாடியவர்களில் மலர்க்கொடிதான் முதல் ஆள். ஒன்பது வருஷத்துக்கு முன் மன்னார்குடிப் போட்டியில் அவளுக்கு மூட்டு ஜவ்வு அறுந்தது. முதலாளி நெடுஞ்செழியனே தஞ்சாவூருக்குக் காரில் கொண்டுபோய், தொடைத் தசைநாரை எடுத்துப் புது ஜவ்வு கட்டவைத்தார்.

"டாக்டர் புது மூட்டே குடுத்துட்டாரு தங்கச்சி. இனி பயமில்ல," என்றார் முதலாளி.

அவரை அண்ணனாகவே நினைத்தாள். குழு கலைந்தது. ஆபரேஷன் முடிந்த ஏழாம் மாதம் கூடை அவள் தலைக்கு வந்தது.

களத்தில் சரிந்த அன்று, அரசு ஆஸ்பத்திரியில் மூட்டை அசைத்துப் பார்த்து எக்ஸ்ரேயையும் பார்த்த டாக்டரம்மா நிமிர்ந்தார்.

"கட்டுன ஜவ்வு நல்லாத்தான் இருக்கு. குருத்தெலும்புதான் தேஞ்சிருக்கு. முப்பத்திநாலு வயசுல அறுபது வயசு மூட்டு. அடிபட்ட மூட்டை ஆயுசுக்கும் பாத்துக்கணும்மா. சுமை தூக்கக்கூடாதுன்னு அப்பவே எழுதிக் குடுத்திருப்பாங்களே?"

"எங்கிட்ட யாரும் குடுக்கலீங்களே."

மறுநாள் காலை மலர்க்கொடி கேட்டதும், ஆலை அலுவலகத்தில் வேலைபார்க்கும் மாதங்கி பழைய கோப்பைத் தேடி எடுத்தாள். படிக்கப் படிக்க அவள் குரல் இறங்கியது. சுமை தூக்கும் வேலை கூடாது. குந்தி உட்காரக் கூடாது. வருஷம் ஒருமுறை பரிசோதனை. தவறினால் மூட்டு சீக்கிரம் தேயும். கீழே, 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்று நெடுஞ்செழியனின் கையெழுத்து.

மலர்க்கொடிக்கு அழுகை வரவில்லை. இத்தனை வருஷமும் அவள் தன் காலைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள்.

தாளோடு களத்துக்கு நடந்தாள். முதலாளி அங்கேதான் நின்றிருந்தார்.

"அண்ணே, இது ஒங்க கையெழுத்துதானே?"

அவர் தாளை வாங்கவில்லை. "ஆபரேஷன் பண்ணிவச்சது யாரு? அந்த நன்றி இருக்கா?"

"பண்ணிவச்சீங்க. இதை ஏன் மறைச்சீங்க?"

"டாக்டருங்க ஆயிரம் எழுதுவாங்க. அதையெல்லாம் பாத்தா ஆலை நடத்த முடியுமா? முடியலன்னா வீட்டுல இரு."

ராசம்மாள் தலையிலிருந்த கூடையை இறக்கினாள். இருபது வருஷமாக அந்தக் களத்தில் நடப்பவள். "எனக்கும் ரெண்டு மூட்டும் போச்சு. எங்களுக்கெல்லாம் என்ன மறைச்சு வச்சிருக்கீங்க?"

ஷமீரா முன்னால் வந்தாள். "அவளுக்கு உக்காந்து பாக்குற வேலை. நெல்லு கொண்டுபோக எங்க எல்லாருக்கும் தள்ளுவண்டி. அதுவரைக்கும் கூடை தூக்கமாட்டோம்."

"நாளைக்கே வேற ஆள எறக்குவேன்."

"எறக்குங்க. அவங்களுக்கும் இந்தத் தாளைப் படிச்சுக் காட்டுவோம்."

முதலாளி கார்க் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார். பதினாறு பெண்களும் களத்திலேயே உட்கார்ந்தார்கள். தொட்டியில் நெல் ஆறிக்கொண்டிருந்தது. தொழிலாளர் அலுவலகத்துக்கு மனு எழுத, மாதங்கி பேனாவோடு படியிறங்கி வந்தாள். கோப்பில் இருந்த இன்னொரு தாளையும் எடுத்து வந்திருந்தாள்.

"தொடைத் தசைக்குப் பயிற்சி போட்டிருக்குக்கா. தசை வலுவானா மூட்டுக்குப் பாரம் கொறையுமாம். இப்பவும் ஆரம்பிக்கலாம்."

மலர்க்கொடி காலை நீட்டித் தொடையை இறுக்கினாள். சுருக்கென்று வலித்தது. பக்கத்தில் ராசம்மாளும் காலை நீட்டினாள்.

"எத்தனை எண்ணணும்?"

மாதங்கி தாளைப் பார்த்தாள். "பத்து."

களமே சேர்ந்து எண்ணத் தொடங்கியது.