கண்ணீருக்கும் லக்கேஜ் டிக்கெட்

அரும்பாவூர் வட்டாரத்தில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் நண்பர்கள் வைக்கும் பிளக்ஸுக்கு வாசகம் எழுதுவது அன்பழகன்தான். மாப்பிள்ளை படம் ஓர் ஓரமாக இருக்கும். கறுப்புக் கண்ணாடி போட்ட அன்பழகன் அதைவிடச் சற்றுப் பெரிதாக, 'சிரிப்புச் சூறாவளி' என்ற பட்டத்தோடு நிற்பார். பட்டத்தை வழங்கியவரும் அவரே. கையிருப்பு மூன்று ஜோக்: சுதந்திரம் இன்றோடு பறிபோகிறது, பூரிக்கட்டை ஜாக்கிரதை, ஆழ்ந்த அனுதாபங்களுடன் நண்பர்கள். மாப்பிள்ளைகள் மாறிக்கொண்டே இருந்ததால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

உயிர்த்தோழன் ராஜராஜனின் கல்யாணப் பத்திரிகை வந்த அன்று டீக்கடையில் ஊர்ப் பையன் அஜித்குமார் ஆரம்பித்தான்.

"அண்ணே, இப்ப ஏஐ கிட்ட கேட்டா ஜோக்கா கொட்டுதுங்க. இந்தத் தடவ அதுக்கு ஒரு சான்ஸ் குடுங்களேன்."

"போடா. சிரிப்புங்கறது மனுசனுக்கு உள்ளேர்ந்து வரணும். மெஷினுக்குள்ள என்ன இருக்கு? ஒயருதான்."

"உங்க உள்ளேர்ந்து வர்றதும் மூணே மூணுதானேண்ணே?"

கடையே சிரித்தது. சூறாவளி உட்கார்ந்திருக்கும்போது வேறொருவன் பேச்சுக்கு ஊர் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனில் அந்த ஏஐயிடமே கேட்டார். வந்தது சுதந்திரம், பூரிக்கட்டை, அனுதாபம். அவருக்கு வியர்த்துவிட்டது. வேறு வேண்டும் என்றார். மாப்பிள்ளை வாழ்க்கையில் நடந்த சம்பவம் ஏதாவது சொன்னால் நன்றாக எழுதலாம் என்று அது மரியாதையாகப் பதில் சொன்னது.

சம்பவம் இருந்தது. போன வருஷம் மீன்சுருட்டியில் ராஜராஜனுக்குப் பார்த்த பெண், நிச்சயத்துக்கு நாள் குறித்த பிறகு வேண்டாம் என்றுவிட்டாள். பெரம்பலூர் வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்ததை அவன் அன்பழகனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தான். அன்பழகன் ஒன்று விடாமல் தட்டிவிட்டார். உடனே பதில் வந்தது.

'மீன்சுருட்டியில் ஏறினான், பெரம்பலூர் வரை அழுதான். கண்ணீருக்கும் சேர்த்து லக்கேஜ் டிக்கெட் போட்டார் கண்டக்டர்!'

தன்னை மறந்து சிரித்தார். அதன் கீழே, வெளியிடும் முன் மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது என்று இன்னொரு வரி இருந்தது. பிளக்ஸில் இடம் பிடிக்கிற வரி என்று அதை வெட்டிவிட்டார்.

வரவேற்பன்று பெரம்பலூர் மண்டப வாசலில் கூட்டம் பிளக்ஸை விட்டு நகரவில்லை. திருமானூரிலிருந்து வந்த பெண்வீட்டார் படம் பிடித்து ஆளுக்காள் அனுப்பினார்கள்.

"எப்டிண்ணே இதெல்லாம்?" அஜித்குமாரே கேட்டான்.

"தானா வரும்டா" என்றார் அன்பழகன், கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்தபடி.

அதே மிடுக்கோடு மேடையேறினார். மணப்பெண் சிவரஞ்சனியின் கையில் யாரோ கொடுத்த போன் இருந்தது. அவள் சிரிக்கவில்லை. ராஜராஜனிடம் மெதுவாகக் கேட்டாள்.

"மீன்சுருட்டியிலேர்ந்து இங்க வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் ஆவுமே. பூரா அழுதீங்களா?"

வீடியோக்காரர் இருவரையும் சிரிக்கச் சொன்னார். ராஜராஜன் சிரித்தான். கைகுலுக்குவது போல அன்பழகனைப் பக்கத்தில் இழுத்தான்.

"ஒங்கிட்ட மட்டுந்தானடா சொன்னேன்."

அன்பழகன் ஆசைப்பட்டதெல்லாம் அந்த ஒரு வரிக்கான பேர்தான். அது கைக்கு வந்து அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. அதை அங்கேயே கீழே போட்டார்.

"நான் எழுதல மாப்ள. சத்தியமா. மெஷின் எழுதுனது."

"மெஷினுக்கு யாருடா சொன்னா?"

பின்னால் வரிசையில் நின்றவர் பரிசுப் பொட்டலத்தோடு முட்டினார். ராஜராஜன் கையை விட்டுவிட்டு அவரை வணங்கினான்.

அன்பழகன் சாப்பிடாமல் வாசலுக்கு வந்தார். பிளக்ஸைக் கழற்றிவிடலாம் என்று பக்கக் கம்பில் இருந்த கட்டுக்கம்பியில் கை வைத்தார். வளையல் போட்ட கைகள் நாலைந்து அவரைப் பிடித்து இழுத்தன.

"இவருதாங்க எழுதுனது! அண்ணே, ஓரமா ஏன் நிக்கிறீங்க? நடுவுல வாங்க!"

"இல்லம்மா, நான் வந்து..."

"அட, கூச்சத்தப் பாரேன்!"

அவரை நடுவில் நிறுத்தினார்கள். தலைக்கு மேலே சூறாவளி, தோளுக்குப் பக்கத்தில் கண்டக்டர் வரி. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள். அவர் மாட்டேன் என்றார்.