முப்பத்தாறு மூடிகள்

எண்ணிக்கையில் ஒன்று குறைந்ததற்கும் அது சரியானதற்கும் நடுவே பதினான்கு மணி நேரம் இருந்தது. பிப்ரவரியில் ஒரு மாலை ஐந்து மணியிலிருந்து மறுநாள் காலை ஏழு மணி வரை. அந்தப் பதினான்கு மணி நேரத்தைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஆறு வருடங்கள் அப்படியே போயின.

ஏழாவது வருடம் மார்ச்சில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பாவோடு முன்பு வேலை பார்த்த எர்மெக் அண்ணன் சுத்தியலும் ஒரு டப்பா ஆணியுமாக எங்கள் வீட்டுக்கு வந்தார். செவ்வாய்க்கிழமை ரயிலில் நானும் அப்பாவும் ஊரை விட்டுப் போவதாக இருந்தோம். பாதி ஊர் அதற்குள் காலியாகியிருந்தது. எங்கள் கட்டடத்தின் நாற்பது வீடுகளில் பதினொன்றில்தான் ஆள் இருந்தது. சூடு வர வேண்டிய குழாய்கள் சில்லிட்டுக் கிடந்தன. அப்பா ஓய்வு பெற்று ஏறத்தாழ ஆறு வருடம் காத்திருந்த பிறகு அவருக்கு வோல்கா கரையில் ஒரு வீடு ஒதுக்கியிருந்தார்கள். முப்பது வருட சேவையில் ஒரு குறிப்புகூடப் பாதகமாக இல்லாதவர்களுக்குக் கிடைக்கும் வீடு அது.

"வாடா, வா. ஆணியாவது நேரா அடிப்பியா?" என்றார் அப்பா.

"கோணலாப் போனா என்ன லுகிச்? இது பெட்டிதானே, வானத்துக்கா போகப்போகுது?" எர்மெக் அண்ணன் சிரித்துக்கொண்டே கோட்டைக் கழற்றினார். உள்ளே இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தார். அப்பாவை அவர் லுகிச் என்றுதான் கூப்பிடுவார். ஒரு துணிப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். "ரௌஷான் பவுர்சாக் பொரிச்சுக் குடுத்தா. சூடா இருக்கறப்பவே தின்னு. வழிக்குத் தனியா குடுத்து விடுவாளாம்."

பொட்டலத்தில் பொரித்த மாவுருண்டைகள் சூடாக இருந்தன. கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ரௌஷான் அவருடைய மனைவி. ஆறு வருடமாக அந்த வீட்டிலிருந்து எது வந்தாலும் எனக்கு முதல் வாய் இறங்குவதில்லை.

நான் ஐந்து வயதில் இந்த ஊருக்கு வந்தேன். அப்பா ஏவுதளப் பணிக்குழுவில் இருந்தார். அம்மா இரண்டு குளிர்காலம் தாக்குப்பிடித்தாள். மூன்றாவது வருடம் மணல்காற்று தொடங்கியதும், ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணியைத் திணித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டுப் பெட்டி கட்டினாள். ரியாசானில் அவளுக்கு ஓர் அக்கா இருந்தாள். நான் அப்பாவோடு இருந்தேன். அம்மாவுக்கு எழுதும் கடிதங்களில் ராக்கெட் என்ற சொல் வரக்கூடாது என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். "நேற்று இங்கே இடி இடித்தது" என்று எழுதுவேன். ஒரு ஜூலை மாதம் ஒரே வாரத்தில் மூன்று இடி எழுதினேன். "ஜாக்கிரதையாக இரு, மரத்தடியில் நிற்காதே" என்று அம்மா பதில் போட்டாள்.

அப்பா எனக்குப் பின்னல் போடக் கற்றுக்கொண்டார். பொம்மைகளும் செய்தார். ஏழாவது பிறந்தநாளுக்கு அவர் செதுக்கிய மரப்பெண்ணின் தோளில் ஒரு காவடித் தடி, தடியின் இரு முனைகளிலும் கம்பிக் கொக்கி, கொக்கிக்கு ஒன்றாக இரண்டு சிவப்பு வாளிகள். வாளிகள் வேறொன்றுமில்லை, ராக்கெட்டின் துளைகளை மூடும் அலுமினிய மூடிகள். வரும் வழியில் நசுங்கியதால் கழித்துப் போட்டவை. அப்பா அவற்றைத் தட்டி நிமிர்த்தி, விளிம்பில் எதிரெதிராக இரண்டு ஓட்டை போட்டு, கம்பி கோத்துக் கைப்பிடி வைத்திருந்தார். நான் அவளை அவற்றில் குளியலறைத் தொட்டியிலிருந்து உண்மையாகவே தண்ணீர் சுமக்க வைப்பேன்.

பெரியவளானதும் குய்பிஷெவ் நகரத்துக்குப் போய் அளவுக்கருவிகள் பற்றிப் பட்டம் வாங்கினேன். திரும்பி வந்தபோது எனக்குக் கிடைத்த வேலை எண்ணுவது. ராக்கெட்டின் வால்பகுதியைச் சுற்றி முப்பத்தாறு துளைகள் உண்டு. மேலே ஏறும்போது உள்ளறைகளில் இருக்கும் காற்று அவற்றின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஒவ்வொரு துளைக்குள்ளும் ஒரு வால்வு. மணல் புகாமல் வெளியே ஒரு சிவப்பு மூடி. ஏவுவதற்கு முந்தின நாள் மூடிகளைக் கழற்றி என் மேசைக்குக் கொண்டுவருவார்கள். முப்பத்தாறு குழிகள் உள்ள மரத்தட்டில் ஒவ்வொன்றாக வைத்து, நிரம்பியதும் நான் கையெழுத்துப் போடுவேன், பிறகு குழுத்தலைவர், பிறகு மேஜர். இப்போது ஒவ்வொரு மூடியிலும் எண் அடித்திருக்கிறார்கள். அன்று எண்ணிக்கை மட்டும்தான்.

"அஞ்சு வருஷம் காலேஜுக்குப் போயி முப்பத்தாறு வரைக்கும் எண்ணக் கத்துக்கிட்டு வந்திருக்கு புள்ள" என்று பணிக்குழுவில் கேலி செய்வார்கள். எனக்குக் காது சூடாகும். எர்மெக் அண்ணன்தான் எனக்காகப் பேசுவார். "நீ பத்து தாண்டினா பூட்ஸைக் கழட்டணும், வாயை மூடு." அவர் வால்வு மாட்டுகிறவர். குழுத்தலைவர் என் அப்பா. மூடிகளைக் கழற்றும் வேலையை அப்பா வேறு யாரிடமும் கொடுத்ததில்லை.

அந்த பிப்ரவரி மாலை தட்டில் முப்பத்தைந்து இருந்தது.

மறுபடி எண்ணினேன். பிறகு அப்பா எண்ணினார். "எல்லாத்தையும் கழட்டிட்டேன். என் கையால" என்றார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்கள் காற்றில் நீர் கோத்திருந்தன. அந்தக் குளிர்காலம் அவர் செய்தித்தாளை விளக்குக்கு அடியில் பிடித்துத்தான் படித்தார். மருத்துவப் பரிசோதனையில் கண் அட்டையின் எழுத்துகளைப் பார்க்காமல் மனப்பாடமாகச் சொன்னதை எனக்கு மட்டும் சொல்லியிருந்தார். ஓய்வுக்கு மூன்று மாதம் இருந்தது.

ஆட்கள் கம்பியில் கட்டிய கண்ணாடியை நீட்டி வால்பகுதியைப் பார்த்தார்கள். தெரிந்த துளைகள் எல்லாம் திறந்திருந்தன. தாங்குசட்டத்துக்குப் பின்னால் இருந்த நான்கு சரியாகத் தெரியவில்லை. மூடி கைதவறிப் பனியில் விழுந்திருக்கும், காற்று உருட்டிக்கொண்டு போயிருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். ஆனால் விதி விதிதான். மூடி கைக்கு வராவிட்டால் ராக்கெட்டைத் திரும்பக் கொட்டகைக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைக்க வேண்டும். குழுத்தலைவர் பெயர் அறிக்கையில் ஏறும். கண் பரிசோதனை மறுபடி நடக்கும்.

"காலையில ஏழு மணி வரைக்கும் நேரம், கெர்மான் லுகிச்" என்றார் மேஜர். எல்லோர் முன்னாலும், மிக மரியாதையாகச் சொன்னார். அப்பா தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

மறுநாள் ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நான் தளத்தின் விளிம்பில் குனிந்து, ஒரு சிவப்பு மூடியோடு நிமிர்ந்தேன்.

"கெடச்சிருச்சு!" என்று யாரோ கத்தினார்கள். தொப்பிகள் பறந்தன. எர்மெக் அண்ணன் ஓடிவந்து தன் டீக்குடுவையின் மூடியில் டீ ஊற்றி என் மறுகையில் திணித்தார். "எங்க எண்ணிக்கைக்காரிக்கு இருக்கறது கண்ணு இல்லடா, ராடார்!" அப்பா மெதுவாக வந்தார். என் கையிலிருந்து சிவப்பு மூடியை வாங்கிக் கையுறையைக் கழற்றினார். விளிம்பில் கட்டைவிரலை ஒரு சுற்று ஓட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது. எதிர்ப்பக்கத்தில் இன்னோரிடத்தில் நின்றது. பிறகு அதைத் தட்டில் முப்பத்தாறாவது குழியில் வைத்தார். பேனாவைக் கேட்டார்.

ராக்கெட் அன்று மதியம் கிளம்பியது. நூற்று எட்டாவது விநாடியில் உடைந்தது. ஆள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. புல்வெளியில், ஓர் ஆட்டுப்பட்டிக்கு நான்கு கிலோமீட்டர் தள்ளி விழுந்தது.

மாஸ்கோவிலிருந்து மூன்று பேர் வந்து இருபத்தாறு நாள் விசாரித்தார்கள். வால்பகுதியில் ஒரு துளை காற்றை விடவில்லை என்று கண்டுபிடித்தார்கள். தாங்குசட்டத்துக்குப் பின்னால் இருந்த துளை. அதற்கு இரண்டே காரணம் இருக்க முடியும். ஒன்று, மூடி கழற்றப்படவில்லை. அல்லது உள்ளே வால்வுத் தட்டு தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது. என்னை ஒரே ஒருமுறை அழைத்தார்கள்.

"எண்ணினது நீங்களா?"

"ஆமா."

"எத்தனை?"

"முப்பத்தாறு."

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. தட்டில் முப்பத்தாறுதான் இருந்தது. மூடிகள் எல்லாம் வந்துவிட்டதால் முதல் காரணத்தை அடித்துவிட்டார்கள். இரண்டாவது மிஞ்சியது. வால்வு மாட்டியது எர்மெக் அண்ணன்.

அவருடைய ஏவுதள அனுமதிச் சீட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு தளத்துக்கு வேலை ரயில் போகும்போது அவர் தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடப்பதை ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். சந்தையில் ஒரு தகரப் பெட்டிக்கடை போட்டு மின்னடுப்பும் இஸ்திரிப்பெட்டியும் பழுது பார்த்தார். பனி உருகிய பிறகு நான் எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் தளத்தைச் சுற்றித் தரையைப் பார்த்து நடந்தேன். ஒரு கையுறை கிடைத்தது, நிறைய ஆணி கிடைத்தது. சிவப்பாக எதுவும் கிடைக்கவில்லை. அப்பாவும் நானும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஆனால் எர்மெக் அண்ணனைப் பார்க்கும்போதெல்லாம் அப்பா ஏதாவது ஒரு கேலி சொல்லாமல் விடுவதில்லை. தன் குரலைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டியவர் போலச் சொல்வார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் சொன்னார்.

"பாத்துடா, மூடியைத் தலைகீழா வச்சு அடிச்சிடப்போற."

எர்மெக் அண்ணன் இந்த முறை சிரிக்கவில்லை. வாயிலிருந்த ஆணிகளை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். "லுகிச், நீங்க போறீங்க. இனிமே நாம எங்க பாக்கப்போறோம்? ஒண்ணு சொல்லிடறேன். அன்னிக்குக் கை வெறைச்சுப் போச்சு எனக்கு. வால்வுத் தட்டு எந்தப் பக்கம் திரும்பியிருந்துச்சுன்னு சத்தியமா ஞாபகம் இல்ல. ஆறு வருஷமா மனசுக்குள்ள மாட்டிப் பாக்குறேன். ஒரு நாள் நேரா இருக்கு. ஒரு நாள் தலைகீழா இருக்கு. உங்க கடைசி ராக்கெட்ட நான் கெடுத்துட்டேன். மன்னிச்சிருங்க."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே ஒன்றும் இல்லை. பாப்ளர் மரங்கள், யாரும் தண்ணீர் விடாமல் காய்ந்தவை.

"சரி, விடு" என்றார். "பழசு."

நான் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டுப் படுக்கையறைக்குப் போனேன். என் சாமான்கள் இருந்த அட்டைப்பெட்டி இன்னும் கட்டப்படாமல் இருந்தது. ஏதாவது வேலை செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன் என்று முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"அண்ணே, உங்க பொண்ணு மதீனாவுக்கு இதக் குடுங்க" என்றேன். மரப்பெண்ணை எடுத்து நீட்டினேன்.

அவர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். "அடேயப்பா. லுகிச் கைவேலையா? இங்க பாரேன், பின்னல்கூட செதுக்கி..." தோள்தடியைப் பார்த்துக்கொண்டே போனவர் நிறுத்தினார். வாளியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இது நம்ம மூடியில்ல? வால்பகுதி மூடி." ஓட்டைகளில் கோத்திருந்த கம்பியை நகத்தால் தட்டினார். அவருடைய விரல்கள் இப்போதும் கருவிகளைப் பிடிக்கும் விதத்தில்தான் எதையும் பிடிக்கும். "இந்தப் பக்கம் கொக்கி சும்மா தொங்குதே. இன்னொண்ணு எங்க?"

"தொலைஞ்சிருக்கும்" என்றார் அப்பா. அவ்வளவு வேகமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. "சின்னப்புள்ள சாமான் தங்குமா? தாஸ்யா, நீ போயி டீ வை. போம்மா."

நான் போகவில்லை. அப்பாவின் வலது கை ஜன்னல் விளிம்பில் இருந்தது. கட்டைவிரல் மரத்தின் மேல் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. எதையோ தேடி, ஓரிடத்தில் நின்றது. எர்மெக் அண்ணனின் கையில் மரப்பெண் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாள். அவளுடைய ஒற்றை வாளி ஆடிக்கொண்டே இருந்தது.

"தொலையலண்ணே" என்றேன். என் குரல் சத்தமாக வந்தது. "அதுல ரெண்டு ஓட்டை இருந்துச்சு. சோப்பை அமுக்கி அடைச்சு, மேல நகச்சாயம் பூசினேன். காயறதுக்குள்ள வேலை ரயிலுக்கு நேரமாயிருச்சு, கையில பிடிச்சுக்கிட்டே வந்தேன். அன்னிக்குத் தட்டுல இருந்த முப்பத்தாறாவது மூடி அதுதான். கழட்டி வந்தது முப்பத்தஞ்சுதான்."