சிங்காரவேலு வீட்டு மோட்டார் சைக்கிள்

1933ஆம் ஆண்டு தை நடவின்போது, பாகூர் சிங்காரவேலு வீட்டு மோட்டார் சைக்கிள் ஆளில்லாமல் ஓடத் தொடங்கியது. அது அவருடைய மகன் உலகநாதனின் வண்டி. பண்ணையாள் செல்லப்பன் மகள் அம்சவள்ளிக்கு அவன் கோயிலில் தாலி கட்டிவிட்டதாகப் பேச்சு வந்ததும், பேச்சு வளர்வதற்குள் சிங்காரவேலு அவனைக் கப்பலேற்றிச் பாகூரைப்போலவே பிரெஞ்சு ஆட்சியிலிருந்த சைகோனுக்குச் சுங்கக் கச்சேரி வேலைக்கு அனுப்பிவிட்டார். வண்டி மாட்டுக் கொட்டகையில் சாக்குப் போர்த்தி நின்றது. அந்தக் குடும்பம் அதுவரை ஊர் வாய்க்குத் தீனி போட்டதில்லை.

உலகநாதன் அங்கே இன்னொரு வண்டி வாங்கினான். சைகோனிலிருந்து விடுப்பில் வந்த ஊர்க்காரர் சாமிநாதன் சொன்னபடி, அங்கே சாலைகள் நூல் பிடித்தாற்போல நேராக இருந்தன; கன்றுக்குட்டி குறுக்கே வராது, ஏரிக்காற்று முகத்தில் அறையாது. உலகநாதனுக்கு அது வண்டி ஓட்டுவதாகவே தோன்றவில்லை. வேலை விட்டதும் புறப்பட்டு, நேர்சாலையிலேயே பாகூர் ஏரிக்கரையின் வளைவுகளுக்குச் சாய்ந்து சாய்ந்து ஓட்டுவான். ஆற்றோரம் ஒரு காலி மனையில் நிறுத்தி, யாரோ வெளியே வரவேண்டும் என்பதுபோல ஹாரன் அடிப்பான். அவன் அங்கே ஓட்டியபோதெல்லாம் வண்டி இங்கே ஓடியது. அங்கே பொழுது சாயும்போது இங்கே வெயில் இன்னும் நிற்கும். ஆகவே இருட்டு மறைத்திருக்க வேண்டியதை ஊரே நடவு வயலில் இடுப்பை நிமிர்த்திப் பார்த்தது. வண்டி ஏரிக்கரை வழியே போய், அம்சவள்ளியின் குடிசை வாசலில் நின்று ஹாரன் அடித்தது.

சிங்காரவேலு பெட்ரோலை வடித்தார், ஓடியது. சங்கிலியைக் கழற்றினார், அப்போதும் ஓடியது. மாட்டுக் கயிற்றால் கொட்டகைத் தூணில் கட்டினார்; தூணையும் இழுத்துக்கொண்டு போனது. "பாருங்கடி, அய்யா வூட்டுத் தூணும் அம்சவள்ளியப் பாக்கப் போவுது" என்று நடவுப் பெண்கள் சிரித்தார்கள். அதன்பின் அவர் மதியத்துக்கு மேல் தெருவில் இறங்குவதை விட்டார்.

சக்கரம் நாற்றை மிதித்ததாகப் புகார் வந்தபோது, காவல்காரன் சாமிக்கண்ணு வண்டியை அம்சவள்ளி வாசலிலிருந்து தள்ளிக்கொண்டு போய், மேய்ந்து பிடிபட்ட மாடுகளோடு பட்டியில் அடைத்தான். "ஆளோட போனா வண்டிங்க. ஆளில்லாம போனா மாடுதானுங்களே" என்றான். பட்டியின் வழக்கம் பழையது. சொந்தக்காரர் ஊர் முன்னால் வந்து தன்னுடையது என்று வாயால் சொல்லி மீட்க வேண்டும். யாரும் சொல்லாவிட்டால், பிடிபட்ட வாசலுக்கே அது சேரும்.

தமுக்கு அடித்தார்கள். சிங்காரவேலு வெள்ளை வேட்டியில், குடையோடு வந்து நின்றார். தன்னுடையது என்று சொன்னால் அந்த வாசலுக்கும் தன் வீட்டுக்கும் உறவு உண்டென்று ஆகிவிடும்.

"யாருதுங்க அய்யா?" என்று கேட்டான் சாமிக்கண்ணு.

"எங்க வூட்டுது இல்ல."

அம்சவள்ளி முன்னால் வந்தாள். "எனக்கு வண்டி வாணாங்க. யாரு வண்டின்னு அவரு வாயால சொன்னா போதுங்க."

அவர் குடையின் முனையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பட்டிக்குள் நின்ற மாடுகளின் பக்கம்கூட அவரால் திரும்ப முடியவில்லை. வண்டி அவளுக்குச் சேர்ந்தது.

மறுநாள் முதல் அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். முன்சீட்டு காலியாக இருந்தது. சைகோனில், உலகநாதனுக்குப் பின்னே நடவுச் சேறு காயாத கால்களோடு ஒரு பெண் உட்கார்ந்து போவதை அங்கிருந்த நம் ஊர்க்காரர்கள் பார்த்து வழிவிட்டார்கள். இங்கே ஏரிக்கரையில் கட்டைவண்டிகளும் ஒதுங்கின. சிங்காரவேலு எதிர்ப்பட்டால் மட்டும் ஏரிப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பிறகு போர் வந்தது. சைகோன் கப்பலும் நின்றது, கடிதமும் நின்றது. பிள்ளைகளை அங்கே அனுப்பிய வீடுகளுக்கு, அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியவில்லை. சிங்காரவேலுவுக்குத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. மதகைப் பார்க்க வந்தவர்போல வெட்கத்தோடு கரையில் வந்து நிற்பார். வண்டி போகும். மகன் இருக்கிறான் என்று திரும்புவார். ஓர் ஐப்பசியில் பல நாள் வண்டி ஓடவில்லை. மழையில் நனைந்துகொண்டே அவர் மதகடியில் நின்றார். மதகைப் பார்ப்பதாக யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் சத்தம் கேட்டது. வண்டி அவரருகே வந்து நின்றது.

"இருக்காரு மாமா" என்றாள் அம்சவள்ளி.

மணப்பட்டு மீன்காரிகள் கூடையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிங்காரவேலு காலியான முன்சீட்டை நெடுநேரம் பார்த்தார்.

"மெதுவா போடா. கரை வழுக்குது. மருமவ ஒக்காந்திருக்கா."

வண்டி மெதுவாகப் புறப்பட்டது.