வெள்ளைத் துணியில் தெரு

பெங்களூர் காக்ஸ் டவுனில் டோரீன் அம்மாவின் தையற்கூடம் ஒரு காலத்தில் மோட்டார் கார் நின்ற ஷெட். ஜன்னல் கிடையாது, தெருப்பக்கம் சுருட்டித் தூக்கும் இரும்பு ஷட்டர் மட்டும்தான். அன்று நடுப்பகலில் ரஞ்சிதம் உள்ளே தனியாகப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தபோது, மேலே வெடி வெடித்ததுபோல் ஒரு சத்தம். ஷட்டர் தடதடவென்று இறங்கித் தரையில் அறைந்தது. ஒரே இருட்டு.

"அப்படியே உக்காரு ரஞ்சிதம், ஸ்பிரிங் போச்சு! ஆள் கூட்டிட்டு வரேன்" என்று டோரீன் அம்மா வெளியே கத்துவது கேட்டது. காலடிகள் தேய்ந்தன.

ரஞ்சிதம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஷட்டரில் ஆணி கழன்ற ஒரு சின்னத் துவாரம். அதன் வழியே வந்த வெளிச்சம், கவுன்களில் தூசி படாமலிருக்க எதிரே தொங்கவிட்டிருந்த வெள்ளைத் துணியில் விழுந்தது. முதலில் வெறும் மங்கல். பிறகு நிறம் ஊறியது. பிறகு அது தெருவென்று தெரிந்தது. தலைகீழான தெரு. வானம் கீழே குளம்போலக் கிடந்தது. செக்கச்சிவந்த மேப்பூ மரத்திலிருந்து உதிர்ந்த பூக்கள் மேல்நோக்கி மிதந்து போயின. பயம் எப்போது விட்டதென்று அவளுக்கே தெரியவில்லை. விழித்துக்கொண்டே கனவு காண்பதுபோல் இருந்தது.

அந்தத் தெருவில் ஒருவன் ஓடிவந்தான். ஓட்டத்திலேயே தெரிந்தது, அவள் புருஷன் ஜெயவேலு. தெருக்கோடிப் பட்டறையிலிருந்து கடப்பாரையோடு வந்தவன், அதை ஷட்டரின் அடியில் செருகினான்.

"அண்ணே, கம்பிய எடுங்க!" சைக்கிளில் வந்து இறங்கிய ஷட்டர் மெக்கானிக் பாலகிருஷ்ணனின் குரல்.

"எம் பொண்டாட்டி உள்ள கீறாய்யா!"

"இருக்கட்டும். ஒரு ஸ்பிரிங்தான் ஒடைஞ்சிருக்கு. இன்னொண்ணு முழு முறுக்கோட நிக்குது. இப்ப நெம்பினா உங்களையும் அடிக்கும், அவங்களையும் அடிக்கும். தூரப் போய் உக்காருங்க."

பாலகிருஷ்ணன் ஏணி வைத்து ஏறினான். ஷட்டர் சுருளும் உருளையைக் கயிற்றால் கட்டினான். இரண்டு ரெஞ்சுகளை மாற்றி மாற்றிப் பிடித்து, மிச்சமிருந்த முறுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினான். ஒவ்வொரு தளர்வுக்கும் இரும்பு முனகியது.

ஜெயவேலு எதிரே சாக்கடையோரம் இருந்த மோரிக் கட்டையில் போய் உட்கார்ந்தான். கோலார் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். அங்கேதான் அவர்களுடைய பெண் குழந்தை காய்ச்சலில் போனது. புதைத்த மறுநாளே அவன் விளக்கை எடுத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்கிப் போனான். இவனெல்லாம் மனுஷனா என்று அன்று ரஞ்சிதம் நினைத்தாள். பெங்களூருக்கு வந்த பிறகும் குழந்தையின் பெயரை இருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

இப்போது துணியில் அவன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. குலுங்கிக்கொண்டே இருந்தன. தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அழுகிற ஒருவனை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு அவன் எழுந்து ஷட்டரை நெருங்கி வந்தான். துவாரம் அடைபட்டுத் தெரு முழுவதும் அணைந்தது.

"ரஞ்சிதம், இருட்டா கீதா?" வழக்கமான வறண்ட குரல்.

"இல்ல. நல்லாத் தெரியுது."

அவனுக்குப் புரியவில்லை.

வெயில் சாயத் தொடங்கியபோது புது ஸ்பிரிங் ஏறியது. "ஆய்த்து, முடிஞ்சிது!" என்று பாலகிருஷ்ணன் ஷட்டரை மெல்லத் தூக்கினான். வெளிச்சம் பாய்ந்தது. துணி வெறும் துணியானது. ஜெயவேலு வாசலில் நின்றான், முகம் கழுவி வந்தவன்போல.

"இன்னொரு தடவ எறக்கி ஏத்திப் பாக்கணும். வெளிய வாங்கக்கா" என்றான் பாலகிருஷ்ணன்.

ரஞ்சிதம் போகவில்லை. புருஷனின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "நீ எறக்குப்பா. நாங்க இங்க இருக்கறோம்."

மெக்கானிக் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். "சரி, செவுத்தாண்ட ஒதுங்கி நில்லுங்க."

ஷட்டர் இறங்கியது. கண் இருட்டுக்குப் பழகியது. துணியில் மெல்ல வானம் கீழே வந்து நின்றது. ஜெயவேலு தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"அந்தக் கட்டையிலதான் ஒக்காந்துனு இருந்தீங்க" என்றாள்.

அவன் துணியில் அந்தக் கட்டையைத் தேடிக் கண்டான்; தான் அழுததை அவள் பார்த்திருக்கிறாள் என்று புரிந்தது.

"சரளா பாத்திருந்தா..." என்றான். "விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா."

துணியில் ஒரு ஜட்கா வந்தது. சக்கரங்களும் குதிரையின் கால்களும் மேலே, கூண்டு கீழே. வானத்தின் மேல் மிதந்தபடி, அவசரமே இல்லாமல், ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.