திரைக்கு வெளியே வந்த கைகள்

பழவேற்காட்டில் அப்போதெல்லாம் சர்க்காருக்குப் பயந்தவர்களைவிட ஜமாஅத்துக்குப் பயந்தவர்கள்தான் அதிகம். அம்மை குத்திக்கொள்ளாதவர்களுக்கு அபராதம் என்று தமுக்கடித்தபோது தெருவே கொட்டாவி விட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவில், பள்ளிவாசலைக் கவனிக்கும் முத்தவல்லி அசன் முகைதீன் எழுந்து, "குத்திக்காத ஊட்டுக் கல்யாணத்துக்கும் மவுத்துக்கும் ஜமாஅத் வராது" என்று ஒரே பேச்சில் முடித்தார். மறுநாளே அத்தனை ஆண்களும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றார்கள்.

பெண்களுக்குத்தான் வழி தேட வேண்டியிருந்தது. அம்மை குத்த வந்த துளசிராமன் அந்நிய ஆண். அவர் கண்ணில் முகம் படக்கூடாது. சட்டமோ கையைக் கேட்கிறது. முத்தவல்லி யோசித்துத் தன் வீட்டு வாசலில் கெட்டித் திரை கட்டி, நடுவில் ஒரு கிழிசல் விட்டார். உள்ளேயிருந்து கை மட்டும் வெளியே வரும். துளசிராமன் முள் பதித்த தகட்டைத் தோலில் அழுத்தி ஒரு திருகு திருகுவார். அந்தக் கை போகும், வேறு கை வரும். நல்ல ஏற்பாடுதான். கைக்கு முகம் கிடையாது என்பதை மட்டும் அந்தப் பெரிய மனிதர்கள் யோசிக்கவில்லை.

முத்தவல்லியின் மகள் நசீராவுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்தது. திருகிய இடம் சீழ் வைக்கும் என்று யாரோ சொல்லப்போக, பெண் வெலவெலத்துப் போனாள். "மச்சி, எனக்கும் நீங்களே நீட்டிடுங்க" என்று அண்ணன் மனைவி ஜாஹிதாவின் காலைக் கட்டிக்கொண்டாள். ஜாஹிதா பாவம் பார்த்தாள். இடது கை தனக்கு. நசீராவின் வளையல்களை மாட்டிக்கொண்ட வலது கை நசீராவுக்கு. இரண்டும் வீங்கி, சோறு பிசைய முடியாமல் தவித்தபோதுகூட இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நிலைக்கவில்லை. எதிர்வீட்டுப் பெண் ரஹ்மத்துக்குக் காய்ச்சல் வந்தது. நசீரா தலைமாட்டில் உட்கார்ந்து கஞ்சி புகட்டிவிட்டு வந்தாள். மறுநாள் காலையில் ரஹ்மத்துக்கு உடம்பு முழுக்கப் பெரியம்மை. கேட்டதிலிருந்து ஜாஹிதா நசீராவின் மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. நசீரா தண்ணீர் கேட்டால் ஓடிப்போய் நெற்றியைத் தொட்டாள். கன்னத்தில் ஒரு கொசுக்கடித் தடிப்பு. பெண்ணை வெயிலுக்கு இழுத்துப் போய் அதைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

தகவல் போய்த் துளசிராமன் வந்தார். முத்தவல்லி வீட்டு வாசலிலேயே நின்று பேசினார்கள். திரைக்குப் பின்னால் தெருப் பெண்களெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்.

"குத்திக்கினவங்களுக்கு இவ்ளோ சீக்கிரம் வராதே பாய். அந்தம்மாவுக்கு நான்தானே குத்தினேன்?" என்றார் துளசிராமன்.

"அப்ப மருந்து கெட்டுப்போச்சா? சனங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது?" என்று கேட்டார் முத்தவல்லி.

"மருந்து நல்ல மருந்துதான். அந்தம்மாகிட்ட பொழங்கினவங்க குத்திக்காம இருந்தாத்தான் பயம். உடனே குத்திடணும், நாளாச்சின்னா ஒண்ணும் பண்ண முடியாது. இங்கதான் எல்லாரும் குத்திக்கினீங்களே. நான் அடுத்த ஊரைப் பாத்துக்கினு வந்துர்றேன்."

பெட்டி மூடும் சத்தம் கேட்டது. ஜாஹிதா திரையைப் பிடித்துக்கொண்டாள். சொன்னால் நிக்காஹ் முறியும். மாமா ஊருக்குப் போட்ட தீர்ப்பு அவர் வீட்டு மேலேயே விழும். சொல்லாவிட்டால் நிக்காஹ் பண்ணப் பெண்ணே இருக்க மாட்டாள். வெளியே செருப்புச் சத்தம் நகர்ந்தது.

"போவாதீங்க!"

அந்நிய ஆண் காதில் தன் குரல் விழுந்தது அவளுக்கே திக்கென்றது. கிழிசல் வழியாக இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள். இரண்டிலும் தழும்பு.

"ரெண்டும் என் கைதாங்க. நசீராவுக்குக் குத்தல. அவதான் ரஹ்மத்துக்குக் கஞ்சி குடுத்தா. பெட்டியத் தொறங்க!"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நசீராவின் மணிக்கட்டைப் பிடித்து வெளியே தள்ளினாள். துளசிராமன் தகட்டைத் திருகினார். பெண் அலறினாள், இவள் பிடியை விடவில்லை.

"பலிக்குமாங்க?"

"தெரியாதும்மா. ரெண்டு வாரம் போவணும்."

முத்தவல்லி கத்துவார் என்று ஜாஹிதா உடம்பைக் குறுக்கிக்கொண்டாள். அவர் திரைக்கு அருகில் வந்து, மெல்லத்தான் பேசினார். "ஜமாஅத் மொதல்ல என் ஊட்டையே ஒதுக்கட்டும். வேற யார்னா இப்பிடிப் பண்ணியிருந்தா பயப்படாம சொல்லிடுங்கம்மா."

மாமி பீவி ஜான் மருமகளை நோக்கி வந்தாள். அறைதான் விழப்போகிறது என்று ஜாஹிதா கண்ணை மூடினாள். அறை விழவில்லை. கண்ணைத் திறந்தபோது மாமி தன் ரவிக்கைக் கையைத் தோள்வரை சுருட்டியிருந்தாள். தோலில் ஒரு கீறல்கூட இல்லை. மற்ற கையிலும் இல்லை.

"எனக்கு சமையக்காரிதான் நீட்டினா" என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். "நானும் கஞ்சி குடுக்கப் போனேங்க."

வெளியே முத்தவல்லி தொப்பென்று உட்காரும் சத்தம் கேட்டது. மாமிக்குப் பின்னால் இன்னொருத்தி கையைச் சுருட்டினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. பெட்டியில் மருந்து எத்தனை பேருக்கு இருக்கிறது என்று தெரியாமலே ஜாஹிதா சுருட்டிய கைகளை எண்ண ஆரம்பித்தாள்.